கைபேசியில் மட்டும் தமிழ்த் தலைப்புகள் உடைகின்றன, உதவி தேவை

குறிஞ்சி:
வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் வாசகர் வட்டத்துக்கு ஓர் இணையதளம் செய்து கொடுக்கிறேன். அலுவலகத்தில் சர்வர் பக்க நிரல்தான் எழுதுகிறேன்; வடிவமைப்பு புதிது. மடிக்கணினியில் எல்லாம் சரியாகத் தெரிகிறது. ஆண்ட்ராய்டு கைபேசியில் குரோமில் திறந்தால் "குழந்தைகள் கூடுகை" என்ற தலைப்பு சிதறுகிறது. கு, கூ, டு மூன்றிலும் மெய் ஒரு பக்கம், உகரக் கொக்கி ஒரு பக்கம் நிற்கிறது. கீழே உள்ள பத்திகளில் இந்தக் கோளாறு இல்லை. தலைப்புக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவைத் தளத்திலேயே கோப்பாக வைத்திருக்கிறேன். பத்திகளுக்குக் கைபேசியிலேயே இருக்கும் எழுத்துரு. ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களிடம் காட்ட வேண்டும், இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

தறிநூல்:
தலைப்பில் எழுத்து இடைவெளி ஏதாவது கொடுத்திருக்கிறீர்களா? ஆங்கில வார்ப்புருவை அப்படியே எடுத்தால் அது ஒட்டிக்கொண்டு வரும். எடுத்துவிட்டுப் பாருங்கள்.

குறிஞ்சி:
இருந்தது, எடுத்துவிட்டேன். கைபேசி உலாவி தேக்கிவைத்த பழைய பக்கத்தையும் அழித்துப் பார்த்தேன். மாற்றமே இல்லை.

எழுத்தாணி:
உங்கள் தலைப்பிலேயே துப்பு இருக்கிறது. தை, கை இரண்டும் ஒழுங்காக வருகின்றன அல்லவா? ஐகாரக் கொம்பை மெய்க்கு முன்னால் நகர்த்துவது உலாவியின் வேலை. அது நடக்கிறது, ஆகவே உலாவி மேல் குற்றம் இல்லை. க-வையும் உகரத்தையும் சேர்த்து 'கு' என்ற ஒரே வடிவமாக்கும் விதி எழுத்துருக் கோப்புக்குள் இருக்கிறது. அதுதான் காணாமல் போயிருக்கிறது.

இரண்டு கேள்விகள். கோப்பின் அளவைக் குறைத்தீர்களா? எழுத்துரு அறிவிப்பில் கோப்பின் முகவரிக்கு முன்னால், கருவியில் நிறுவியிருக்கும் எழுத்துருவையே முதலில் எடு என்று சொல்லும் 'லோக்கல்' வரி இருக்கிறதா? இருந்தால் அதை நீக்கிவிட்டு மடிக்கணினியில் திறந்து பாருங்கள்.

குறிஞ்சி:
நீக்கினேன். மடிக்கணினியிலும் உடைந்துவிட்டது! கணினியில் நோட்டோ முன்பே நிறுவியிருக்கிறேன். இத்தனை நாளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது இப்போதுதான் புரிகிறது. ஆம், இணையத்தில் கிடைத்த ஒரு மாற்றியில் கோப்பைச் சுருக்கினேன். "தமிழ் எழுத்துகள் மட்டும்" என்று தேர்ந்தெடுத்தேன். அதில் என்ன தவறு?

எழுத்தாணி:
எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள். அவற்றில் நிரப்பப்பட்டவை 72. நாம் பள்ளியில் படித்ததோ 247 எழுத்து. கு, கூ, டு எவற்றுக்கும் யூனிகோடில் தனி எண் கிடையாது. அவற்றின் வடிவங்கள் எழுத்துருவுக்குள் எண் இல்லாமல் இருக்கின்றன. எப்போது எதைப் போட வேண்டும் என்பதை 'ஜிசப்' என்ற அட்டவணை சொல்கிறது. யூனிகோட் எண்ணை மட்டும் பார்த்துச் சுருக்கும் கருவி, எண் இல்லாத வடிவங்களையும் அந்த அட்டவணையையும் குப்பை என்று வெட்டி எறிந்துவிடும். ஆங்கிலத்துக்கு அதனால் பெரிய சேதம் இல்லை. தமிழுக்கு உயிர்மெய்யே போய்விடும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும்.

மூலக் கோப்பை மறுபடி எடுங்கள். திறந்த உரிமம்தான், சுருக்கத் தடையில்லை. பைத்தானில் 'ஃபான்ட்டூல்ஸ்' என்ற எழுத்துருக் கருவித் தொகுப்பை நிறுவினால் அதனுடன் சுருக்கும் கருவியும் வரும். தமிழ்த் தொகுதி முழுவதையும், இடைவெளி, எண்கள், நிறுத்தக்குறிகள், ரூபாய்க் குறி ஆகியவற்றையும் கொடுங்கள். அட்டவணையைப் பின்தொடர்ந்து தேவையான வடிவங்களை அதுவே சேர்த்துக்கொள்ளும். வெளியீடு, இணைய எழுத்துருவுக்கான வோஃப்2 கோப்பு வகையாக இருக்கட்டும்.

தடித்த எடைக்கு (போல்ட்) தனிக் கோப்பு வைத்திருக்கிறீர்களா? இல்லாவிட்டால் உலாவி தானே கோட்டைப் பருக்க வைக்கும்; ண, ணை போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

குறிஞ்சி:
கூடிவிட்டது! கு, கூ, டு மூன்றும் கைபேசியில் முழுதாக நிற்கின்றன. கோப்பு முன்பைவிடச் சற்றுப் பெரிது, பரவாயில்லை. தடித்த எடை தனியாக இல்லை, இன்று இரவே சேர்க்கிறேன். மிக்க நன்றி ஐயா.

தறிநூல்:
'லோக்கல்' வரியை நானும் மூன்று தளங்களில் வைத்திருக்கிறேன். இப்போதே எடுத்துவிட்டுச் சோதிக்கிறேன்.

எழுத்தாணி:
சோதிக்கும்போது பக்கத்தில் ஸ்ரீ, க்ஷ, ஹூ, டீ, ணை, றௌ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத்துரு நிறுவாத வேறொருவரின் கைபேசியில் பார்ப்பது நல்லது.