கவுன்சிலர் "ரோடு சாங்ஷன் ஆயிடுச்சு" என்கிறார், அதற்கு என்ன அர்த்தம்?

மூணாவது குறுக்குத் தெரு:
எங்கள் வார்டு கவுன்சிலர் மாதாமாதம் மாமன்றக் கூட்டம் முடிந்த அன்று ராத்திரி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாய்ஸ் நோட் போடுவார். அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை, 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை கவுன்சிலரே இல்லாமல் தனி அலுவலர் காலத்தில் ஒரு தெருவிளக்குக்கு யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல் அலைந்தவன் நான், ஒருத்தர் தானாகப் பேசுவதே பெரிசு. ஆனால் போன வாரம் பழைய வாய்ஸ் நோட்டை எல்லாம் வரிசையாகக் கேட்டேன். பாதாள சாக்கடைக்குத் தோண்டிய எங்கள் தெருவைப் பற்றி ஆறு மாதமாக "ரோடு சாங்ஷன் ஆயிடுச்சு, சீக்கிரம் ஆரம்பிச்சுடும்" என்று அதே வரி. மேன்ஹோல் மூடி தரையிலிருந்து ஒரு சாண் துருத்திக்கொண்டு நிற்கிறது, யாரோ அதன்மேல் உடைந்த சிவப்பு பக்கெட்டைக் கவிழ்த்திருக்கிறார்கள், ராத்திரி வண்டிக்காரர்களுக்கு அதுதான் சிக்னல். சண்டை போடாமல் இதை எப்படிக் கேட்பது?

பழைய ஃபைல்:
முப்பது வருஷம் நகராட்சியில் கிளார்க்காக இருந்தவன். சாங்ஷன் என்கிற ஒரே வார்த்தையை நாலு கட்டத்திலும் சொல்வார்கள். ஏ.இ. (உதவிப் பொறியாளர்) எஸ்டிமேட் போட்டாலும் சாங்ஷன், மன்றத்தில் தீர்மானம் ஆனாலும் சாங்ஷன், டெண்டர் முடிந்தாலும் சாங்ஷன், வேலையை ஆரம்பி என்று கான்ட்ராக்டருக்குக் கொடுக்கும் ஒர்க் ஆர்டர் கையில் வந்தாலும் சாங்ஷன்தான். அதனால் "எப்போது ரோடு?" என்று கேட்காதீர்கள். தீர்மான எண் என்ன, எஸ்டிமேட் எவ்வளவு, ஒர்க் ஆர்டர் கொடுத்தாச்சா, இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

இன்னொன்று. வீட்டு இணைப்பு எல்லாம் கொடுத்து முடிக்காமல் ரோடு போட்டால் மறுபடி வெட்டுவார்கள், தாமதத்துக்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். மூடி உயரமாக நிற்பது, புது ரோட்டின் மட்டம் அதுதான் என்று கணக்குப் பண்ணி வைத்ததாலா என்றும் விசாரியுங்கள். ஆமாம் என்றால் உங்கள் வாசற்படி பள்ளமாகிவிடும், மழைத் தண்ணீர் நேராக ஹாலுக்கு வரும். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று 2021இலேயே தலைமைச் செயலாளர் உத்தரவு இருக்கிறது. எஸ்டிமேட்டில் 'மில்லிங்' என்று அந்தச் சுரண்டும் வேலையைச் சேர்த்திருக்கிறார்களா பாருங்கள்.

டீக்கடை பெஞ்ச்:
குரூப்பில் கேட்டால் அஞ்சு நிமிஷத்தில் குட்மார்னிங் ரோஜாப்பூவுக்கு அடியில் போய்விடும் சார். பகுதி சபாவில் கேளுங்கள், வார்டுக்குள் ஏரியா ஏரியாவாக மக்களைக் கூட்டிக் குறை கேட்கும் கூட்டம் அது. 2022 நவம்பர் 1 அன்று முதலமைச்சர் தாம்பரம் மாநகராட்சி பம்மலில் உட்கார்ந்து தொடங்கி வைத்தாரே, அதுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட்ட வேண்டும். எங்கள் ஏரியாவில் வேலை நாள் காலை பதினோரு மணிக்கு வைத்தார்கள், வந்தது பதினாலு பேர், அதில் பாதி ஆபீஸ் ஆட்கள். ஆனாலும் நோட்டில் எழுதி வைத்தார்கள், எழுதினதை மறுக்க முடியாது இல்லையா.

பன்னிரண்டாவது வார்டு அக்கா:
தம்பி, நானே ஒரு நகராட்சி கவுன்சிலர்தான். (என் பெயரில் வீட்டுக்காரர் பேசுவதில்லை, நானேதான் எழுதுகிறேன்!) உங்கள் கவுன்சிலர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. கூட்டத்துக்கு முன்னால் கட்டுக் காகிதம் கொடுப்பார்கள், அது போதாதென்று அன்றைக்கே 'டேபிள் பொருள்' என்று நாலைந்து பக்கம் கைக்கு வரும், படிப்பதற்குள் "நிறைவேற்றப்பட்டது" என்று மணியடித்துவிடுவார்கள். எங்கள் வார்டு எந்தப் பக்கத்தில் என்று தேடும்போதே கூட்டம் முடிந்துவிடும். பிறகு ஏ.இ.க்கு போன் போட்டால் அவர் சொல்வது "சீக்கிரம் மேடம்". அதைத்தான் நாங்கள் உங்களுக்குச் சொல்கிறோம். 2023இலிருந்து எங்களுக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம், பெட்ரோலுக்குச் சரியாகப் போகும், உதவிக்கு ஆள் வைக்க வழியில்லை.

நான் இப்போது வாய்ஸ் நோட்டை விட்டுவிட்டேன். ஒரு கோடுபோட்ட நோட்டில் தெரு, தொகை, எந்தக் கட்டம், யார் கையில் என்று எழுதி போட்டோ எடுத்துப் போடுகிறேன். உங்களவரிடமும் இதைக் கேளுங்கள், தனியாக போன் பண்ணாமல் குரூப்பிலேயே கேளுங்கள். பத்துப் பேர் "ஆமாம்" போட்டால் அதைத் தூக்கிக்கொண்டு போய் அதிகாரி முன்னால் காட்ட எங்களுக்கே ஒரு பிடி கிடைக்கும். வரி விஷயத்தையும் கேளுங்கள், ஏப்ரல் 30க்குள் சொத்து வரி கட்டினால் 5 சதவீதம் கழிவு என்பதை எத்தனை பேர் குரூப்பில் சொல்கிறார்கள்?

மூணாவது குறுக்குத் தெரு:
அக்கா சொன்னபடி, பழைய ஃபைல் கொடுத்த மூன்று கேள்வியையும் மில்லிங் விஷயத்தையும் குரூப்பிலேயே போட்டேன், இருபத்தேழு பேர் கீழே கைகூப்பினார்கள். நேற்று ராத்திரி பதில் வந்தது. தீர்மானம் ஆகியிருக்கிறது, எண்ணும் கொடுத்தார். டெண்டர் இன்னும் விடவே இல்லையாம். மில்லிங் பற்றி "கேட்டுச் சொல்றேன்" என்றார். பக்கெட்டைத்தான் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், இன்று காலையில் நானே ஒரு பழைய டயரைக் கொண்டுபோய் வைத்தேன்.