வளவு துப்புரவாக்கேக்க கண்ட ரெண்டு பாம்பு: விரியனோ, புடையனோ?

கொடிகாமத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். கொடிகாமத்தில ஏழு பரப்பு வளவு ஒண்டு துப்புரவாக்கிறம். கனகாலம் ஆளில்லாமல் கிடந்த காணி. காவோலை, பனை மட்டை, உக்கின கிடுகு, இடிஞ்ச கிணத்துக்கட்டுக் கல்லு எல்லாம் குவிஞ்சு கிடக்கு. வேலையாக்கள் ரெண்டு பாம்பு கண்டிருக்கினம். ஒண்டு கறுப்பில வெள்ளை வளையம், ஒரு முழம் வரும், பழைய வீட்டுச் சுவரில ஏறிப் போனது. மற்றது மொத்தமான மண்ணிறப் பாம்பு, திட்டுத்திட்டாய் அடையாளம், பூவரசடி மணலுக்குள்ள அரைவாசி புதைஞ்சு கிடந்தது. முதலாவது எட்டடி விரியன் (கட்டுவிரியன்), ரெண்டாவது புடையன் (கண்ணாடி விரியன்) எண்டு சொல்லி இனி வேலைக்கு வரமாட்டினமாம். படம் எடுத்தது தெளிவில்லை. எப்பிடிப் பிரிச்சு அறியிறது? மிச்சத்தை எப்பிடித் துப்புரவாக்கிறது? உள்ளி இடிச்சு மண்ணெண்ணெயோட தெளிச்சால் ஓடிப்போகும் எண்டினம், உண்மையோ?

வடலிக்காடு:
சுவரில ஏறினது எண்ட ஒரு சொல்லே பாதி விடை. விரியன் பெரும்பாலும் நிலத்தோட திரியிற பாம்பு. நிமிர்ந்த சுவரில பல்லிக்குப் பின்னால ஏறுறது அநேகமாய் வெள்ளிக்கோல் வரையன், விசமில்லாதது. ஆனால் அதை மட்டும் வைச்சு முடிவெடுக்காதேங்கோ. வளையம் எங்க தொடங்கி எங்க முடியுது எண்டு பாருங்கோ. வளர்ந்த விரியனுக்குக் கழுத்துப் பக்கம் வெறும் கறுப்பாய் இருக்கும், இல்லாட்டி சிறு வெள்ளைப் புள்ளிதான் இருக்கும். வால் பக்கம் போகப் போக வளையம் தெளிவாகும். வளையம் நூல் மாதிரி மெல்லிசு, கன இடத்தில சோடி சோடியாய் வரும். வெள்ளிக்கோல் வரையனுக்கு இது தலைகீழ். கழுத்தில வெள்ளையோ மங்கல் மஞ்சளோ ஒரு பட்டி, அதுக்குப் பிறகு அகலமான வளையங்கள், வாலுக்குக் கிட்ட அவை மங்கி இல்லாமல் போகும். பக்கவாட்டில ஒவ்வொரு வளையமும் கிளை பிரிஞ்சு விரியும்.

நிறத்தை நம்பாதேங்கோ. வெள்ளிக்கோல் வரையன் கடும் கபிலத்திலயிருந்து கறுப்பு வரைக்கும் வரும், தோல் உரிக்கப்போற விரியன் சாம்பல் பூத்துக் கிடக்கும். செத்த பாம்பின்ர படமோ தெளிவான படமோ கிடைச்சால் முதுகு நடுவை பெருப்பிச்சுப் பாருங்கோ: விரியனுக்கு முதுகெலும்பு நெடுக மற்றச் செதில்களை விடப் பெரிய அறுகோணச் செதில் ஒரு வரிசை ஓடும். வரையனுக்கு அது இல்லை.

பிழை விடுற இடம் ஒண்டு இருக்கு. விரியன் குட்டிக்குக் கழுத்திலயிருந்தே வளையம் தெளிவாய் இருக்கும். ஒரு முழம் எண்டால் அது குட்டி விரியனாகவும் இருக்கலாம். அதனால கழுத்துப் பட்டி நிச்சயமாய்த் தெரியாதவரைக்கும் விரியன் எண்டே நினைச்சு விலகி நில்லுங்கோ. பகலில அது சோம்பலாய் உருண்டு தலையை உடம்புக்குக் கீழ ஒளிச்சுக்கொண்டு கிடக்கும். தடியால தட்டினாலும் கடிக்கேல்லை எண்டு கையில தூக்கிறவை இருக்கினம். இருட்டினாப் பிறகு அதே பாம்பு வேற பாம்பு.

பூநகரிப்பெடியன்:
ரெண்டாவதுக்கு வாறன். மணலுக்குள்ள அரைவாசி புதைஞ்சு கிடந்தது எண்டால் எனக்கு முதலில மண்ணுளிப் பாம்பிலதான் சந்தேகம். வால் எப்பிடி இருந்தது அண்ணை?

கொடிகாமத்தான்:
வால் வெட்டி விட்டது போல மொட்டையாம் தம்பி. சத்தம் ஒண்டும் போடேல்லையாம்.

பூநகரிப்பெடியன்:
அப்ப மண்ணுளியாகத்தான் இருக்கவேணும். எலி தின்னிற, விசமில்லாத பாம்பு. எங்கட பக்கம் இருக்கிற இனத்துக்குச் செதில் சொரசொரப்பு, வால் கட்டை, கண் சின்னன், தலைக்கும் கழுத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. முதுகில இருக்கிற கபிலத் திட்டுகள் ஒண்டோடொண்டு ஒட்டி வளைஞ்சு வளைஞ்சு போகும். முத்திரைப் புடையனுக்குத் தலை முக்கோணம், கழுத்து ஒடுங்கினது, வால் குட்டையெண்டாலும் கூராய் முடியும். முதுகில நடுவில ஒண்டு, பக்கத்துக்கு ஒண்டு எண்டு மூண்டு வரிசை முட்டை வடிவப் புள்ளிகள், ஒவ்வொண்டும் கறுப்பும் வெள்ளையும் விளிம்பு கட்டித் தனித்தனியாய் நிக்கும். பிறகு அந்தச் சீறல்! கொல்லன் துருத்தி ஊதுற மாதிரி நீட்டுக்கு வரும். அந்தச் சத்தம் கேட்டால் எங்க கிடக்குது எண்டு கண்ணால பிடிக்கும்வரைக்கும் அசையாதேங்கோ. பிறகு வந்த வழியாலயே பின்வாங்குங்கோ. ரெண்டு மீற்றருக்குக் கிட்டப் போகவேண்டாம். சுருண்டிருந்து முன்னுடம்பைத் தூக்கி எறியிற வேகம் கண்ணுக்குப் பிடிபடாது.

ஆபத்தான குழப்பம் மற்றப் பக்கம்தான். மண்ணுளியைப் புடையன் எண்டு அடிச்சுக் கொல்லுறது பாவம். ஆனால் புடையனை வெங்கிணாந்தி (மலைப்பாம்பு) குட்டி எண்டு கையால பிடிக்கிறது உயிருக்கு ஆபத்து. சீறாத புடையனும் உண்டு, அதால சத்தமில்லை எண்டதை ஆதாரமாய் எடுக்காதேங்கோ.

மணல் காணி எண்டால் சுருட்டையையும் மனதில வைச்சிருங்கோ, மணற்காடு மாதிரிக் கரையோர மணல் ஊர்களில முக்கியமாய். அது சின்னன், ஓரடி சொச்சம்தான். உச்சந்தலையில பறவைக் காலடி போல வெள்ளை அடையாளம், பக்கவாட்டில அலைக்கோடு. கோவம் வந்தால் உடம்பை மடிச்சு மடிச்சுச் செதிலைத் தேய்க்கும், வாள் அறுக்கிற மாதிரிக் கேக்கும். கடி லேசெண்டு நினைச்சுப் பேசாமல் இருக்கிறவைக்குத்தான் பிறகு முரசால இரத்தம் வரும்.

தோட்டக்காரி:
வேலை செய்யிற முறையைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. தரையோட குனிஞ்சு கையால காவோலை அள்ளுறதுதான் கடி வாங்கிற வேலை. நீட்டுப் பிடி போட்ட முள்ளுக் கரண்டியால குவியலின்ர மேல் தட்டை முதலில உங்களுக்கு எதிர்ப்பக்கம் இழுத்து விடுங்கோ, கல்லெண்டால் அலவாங்கால எதிர்ப்பக்க விளிம்பைக் கிளப்புங்கோ. அப்ப பாம்புக்கும் உங்களுக்கும் நடுவில குவியல் மறைப்பாய் நிக்கும். முழங்கால் வரைக்கும் றப்பர் பூட்ஸ், கையுக்குத் தடிச்ச தோல் உறை. காலமை நல்லாய் வெளிச்சம் வந்தாப் பிறகு தொடங்கி, பொழுதுபட முதல் நிப்பாட்டுங்கோ. வளவின்ர நடுவிலயிருந்து வேலிப்பக்கமாய் வெட்டிக்கொண்டு போனால் பாம்புக்கு வெளியேற வழி இருக்கும். சுத்திவர வெட்டிக்கொண்டு உள்ளுக்கு வந்தால் கடைசிப் பத்தைக்குள்ள எல்லாம் சேர்ந்து நிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முதல் முடிச்சிடுங்கோ. வளை நிரம்பினால் எல்லாம் மேட்டுக்கும் வீட்டுக்கும் வரும்.

குவியலுக்கு நெருப்பு வைக்காதேங்கோ. பாம்பு வீட்டுப்பக்கம் ஓடும் எண்டது ஒண்டு. அதைவிடப் பெரிய காரணம், தென்மராட்சியில கனகாலம் கிடந்த காணிக்குள்ள வெடிக்காத பொருள் கிடக்கலாம். சந்தேகமான இரும்பு ஏதும் கண்டால் தொடாமல் பொலிஸுக்கு 119 அடிச்சுச் சொல்லுங்கோ.

உள்ளியும் மண்ணெண்ணெயும் பாம்பை நிப்பாட்டாது. மண்ணெண்ணெய் கிணத்துத் தண்ணியைத்தான் பழுதாக்கும், எங்கட சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால ஊத்துறதெல்லாம் நேர கீழதான் போகும். எலியும் தவளையும் இல்லாட்டிப் பாம்பு தங்காது. விறகை நிலத்திலயிருந்து ஒரு முழம் உயரத்தில அடுக்குங்கோ, கோழித்தீன் சிந்தினதைக் கூட்டுங்கோ. சாரையைக் கண்டால் விட்டிடுங்கோ. மேலுதட்டுச் செதில்களுக்கு இடையில கறுப்புக் கோடு கோடாய் இருக்கும், கண் பெரிசு, படம் எடுக்காது. உங்கட எலிப் பிரச்சினையை அது பார்த்துக்கொள்ளும். வீட்டுக்குள்ள வந்து போகமாட்டன் எண்டு நிக்கிறதுக்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின்ர 1992 நம்பருக்கு அடியுங்கோ.

மருந்தறை:
கடித்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் வேலை தொடங்குமுன் ஆட்களுக்குச் சொல்லி வையுங்கள். மோதிரம், காப்பு, மிஞ்சி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் உடனே கழற்ற வேண்டும், வீங்கிய பின் கழற்ற முடியாது. கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்கவைத்து, கடிபட்ட கையையோ காலையோ தடி வைத்து எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல அசையாமல் கட்டுங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கொடிகாமத்துக்குக் கிட்ட சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை, தேவைப்பட்டால் அங்கிருந்து யாழ் போதனாவுக்கு அனுப்புவார்கள். இறுக்கக் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது வேண்டாம். யாராவது ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காதீர்கள், வைத்தியசாலையில் அவிழ்ப்பார்கள். நோவுக்கு அஸ்பிரின், இபுபுரோஃபென் கொடுக்கக்கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டும்.

பாம்பைப் பிடித்துக்கொண்டு வரத் தேவையில்லை. விலகி நின்று எடுத்த ஒரு போன் படம் போதும், அதுவும் இல்லாவிட்டாலும் சிகிச்சை நிற்காது. இங்கே பயன்படுத்தும் இந்திய விசமுறி மருந்து நாகம், விரியன், புடையன், சுருட்டை நான்குக்கும் சேர்த்தே செய்யப்பட்டது. புடையன், சுருட்டை கடியில் இரத்தம் உறையாமல் போகும். நோயாளியின் இரத்தத்தில் கொஞ்சத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்ப்பார்கள், உறையாவிட்டால் மருந்து தொடங்கும். அதற்கு ஒவ்வாமை வருவது சாதாரணம், ஆகவேதான் அட்ரினலின் கையில் உள்ள இடத்தில் மட்டும் ஏற்றுகிறார்கள்.

விரியன் கடியில் வீக்கமும் நோவும் அநேகமாக இராது, பல் அடையாளமே தெரியாமல் போகலாம். நிலத்தில் படுத்த ஒருவர் விடியப்புறம் வயிற்றுவலி என்று எழும்பி, இமை தூக்க முடியாமல், விழுங்கக் கஷ்டப்பட்டால் பாம்பைக் காணாவிட்டாலும் விரியன் கடி என்றே கொண்டு ஓடுங்கள். மூச்சு நிற்கும் கட்டத்தில் இயந்திரத்தில் வைத்தால் பிழைக்கிறார்கள். விசகடி வைத்தியரிடம் போய் மணித்தியாலக்கணக்கில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்குத்தான் அந்த வாய்ப்புக் குறைகிறது.

வடலிக்காடு:
மருந்தறை சொன்னதோட ஒண்டு. உங்கட வேலையாக்கள் அந்தப் பழைய வீட்டில இரவு தங்கினமோ? தங்கினால் பாய் போட்டு நிலத்தில படுக்கவிடாதேங்கோ. கட்டிலும் நுளம்பு வலையும் குடுங்கோ, வலையின்ர விளிம்பை மெத்தைக்குக் கீழ நாலு பக்கமும் செருகச் சொல்லுங்கோ. வலை சும்மா தொங்கினால் உள்ளுக்கு வந்தது வெளிய போகாது.

கொடிகாமத்தான்:
ரெண்டு பேர் தங்கிறவை, நிலத்திலதான். இண்டைக்கே கட்டில் ஏத்திறன்.