புதைந்த டெல்டாவுக்கு ஒரு சொல் வேண்டும்

முல்லைத்தீவு, புவியியல் ஆசிரியை:
திங்கட்கிழமை உயர்தரப் பிள்ளைகளுக்கு வங்காளத்துக் குழாய்க் கிணறுகளைப் பற்றிப் படிப்பிக்க வேண்டும். அங்கே கரையோரச் சமவெளிக்கு அடியில் பழைய டெல்டா மண் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. 10,000 ஆண்டுகளுக்குள் சேர்ந்த மேல் மணல் சாம்பல் நிறம். ஆர்சனிக் நஞ்சு தண்ணீரில் ஊறுவது பெரும்பாலும் அதில்தான். அதற்குக் கீழே, கடல் 120 மீட்டர் வரை இறங்கிக் கிடந்த பனிக்காலத்தில் காற்றுப்பட்டுச் செம்பழுப்பான மணலில் அது குறைவு. இந்த ‘பேலியோ டெல்டா’ மண்ணைத் தமிழில் எப்படி எழுத?

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பிள்ளை, தொற்கழிமுக அடையல். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கிளிநொச்சி, நீர்ப்பாசனக்காரர்:
ஐயா, தொல்காப்பியமே தொற்காப்பியம் ஆகவில்லையே!

வவுனியா:
அல்வழியில், அதாவது வேற்றுமை இல்லாத புணர்ச்சியில், லகரம் றகரமாகியும் ஆகாமலும் உறழும், தம்பி. நன்னூலைப் பாரும். இரண்டும் சரி.

தஞ்சாவூர், மொழிபெயர்ப்பாளர்:
சந்தி இருக்கட்டும். அடையல் என்றால் இங்கே யாருக்கும் புரியாது. எங்களுக்குப் படிவுப் பாறை, உங்களுக்கு அடையற் பாறை. கழிமுகத்தைச் சிலர் டெல்டாவுக்கும் சிலர் பொங்குமுகத்துக்கும் (ஆற்றின் அகன்ற கடல்வாய்) எழுதுகிறார்கள். பேசாமல் ‘தொல்டெல்டா’ என்று வையுங்கள். எங்கள் ஊரில் பஸ் கண்டக்டர்கூட டெல்டா மாவட்டம் என்றுதான் சொல்கிறார்.

வவுனியா:
கிரேக்கன் தன் நாலாம் எழுத்தான டெல்டாவின் முக்கோண வடிவத்தை நைல் ஆற்றில் பார்த்தான். அதை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும்?

முள்ளியவளை, பட்டதாரி மாணவி:
எங்கள் பிள்ளைகளுக்குத் தொடுவாய் தெரியும். கொக்குத்தொடுவாய் பக்கத்தில்தானே இருக்கிறது. தொல்தொடுவாய் என்றால் என்ன?

கிளிநொச்சி:
தங்கச்சி, தொடுவாய் கடலும் களப்பும் (உப்பங்கழி) சந்திக்கிற வாய். மாரியில் திறக்கும், கோடையில் மண் மூடும். அது தண்ணீருக்கான சொல். நமக்கு வேண்டியது மண்ணுக்கு. இன்னொன்று, கரை எங்கேயோ தள்ளிப் போய்விட்ட பிறகு அந்த மண்ணுக்கு ‘முகம்’ ஏது? நான் ‘புதைவண்டல்’ என்பேன்.

தஞ்சாவூர்:
புதைபடிவம் என்றால் இங்கே உயிரினச் சுவடு. இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள்.

வவுனியா:
வண்டல் நல்ல சொல்தான். சங்கப் பாட்டில் பெண்பிள்ளைகள் கடற்கரை மணலில் பாவை செய்து விளையாடுவதற்கும் வண்டல் என்றுதான் பெயர். ஆறும் அதே விளையாட்டைத்தானே விளையாடுகிறது? வளைவு, வண்டு, வண்டில் எல்லாவற்றுக்கும் ஒரே வேர் என்பது என் எண்ணம். நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

முல்லைத்தீவு:
ஐயா, நாளைக்கு ஞாயிறு. மூன்று பேர் வண்டலுக்கு ஓம் என்றபடியால் ‘தொல்கழிமுக வண்டல்’ என்று அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். பக்கத்தில் ‘பழைய டெல்டா மண்’ என்றும் போட்டிருக்கிறேன்.

முள்ளியவளை:
ரீச்சர், நான் அந்த மூன்று பேரில் இல்லை. வண்டல் நுண்மண், நீங்கள் சொன்ன ஆர்சனிக் இருப்பது மணலில். மணல்மேட்டைக் குறிக்கும் ‘எக்கர்’ என்ற பழஞ்சொல்லை ஏன் ஒருவரும் எடுக்கவில்லை?