ஃபார்ம் வந்ததா என்று எதை வைத்துப் பார்ப்பது: பட்டனா, மெத்தடா?

வியாசை கோலி:
எங்கள் ஏரியா ஃபுட்பால் போட்டிக்கு அணிகள் பதிய பிஹெச்பியில் (சர்வரில் ஓடும் புரோகிராம் மொழி) ஒரு ஃபார்ம் போட்டேன். போஸ்ட்டில், அதாவது ஃபார்மில் நிரப்பியவை வந்து சேரும் பட்டியலில், சப்மிட் பட்டனின் பெயர் இருக்கிறதா என்று 'இஸ்செட்' வைத்து ஒரே ஒரு இஃப். எருக்கஞ்சேரி பசங்க மூன்று தடவை அனுப்பியும் பதிவாகவில்லை. பிழைச் செய்தியும் கிடையாது, காலி ஃபார்ம் திரும்ப வந்து நிற்கிறது. நான் அனுப்பினால் போகிறது!

ராயபுரம் ரயிலடி:
தம்பி, பட்டனைத் தேடாதே. பிரௌசர் எந்த முறையில் அனுப்பியது என்று சொல்லும் 'ரிக்வெஸ்ட் மெத்தட்' போஸ்ட்டா என்று பார். எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடைக்குத் தளம் செய்தேன். ஆர்டர் இரண்டு தடவை விழக் கூடாதென்று, சப்மிட் ஆகும்போதே பட்டனை அழுத்த முடியாதபடி டிசேபிள் செய்தேன். டிசேபிள் ஆனதை பிரௌசர் அனுப்பாது. தீபாவளி வாரம், "ஒரு ஆர்டரும் காணோமே" என்று முதலாளி போன் செய்கிறார். எனக்கு வேர்த்துவிட்டது.

காசிமேடு வலைக்காரன்:
அண்ணே, உங்கள் ஸ்கிரிப்ட் செய்த தப்புக்குப் பட்டன் என்ன செய்யும்? எங்கள் கடைப் பக்கத்தில் இரண்டு ஃபார்ம்: ஐஸ் ஆர்டர் ஒன்று, வலை விலை கேட்பது ஒன்று. இரண்டுமே போஸ்ட். மெத்தடை மட்டும் பார்த்தால் ஐஸ் கேட்டவருக்கு வலை விலை போகும். என்டர் தட்டினாலும் முதல் சப்மிட் பட்டனின் பெயர் வந்துவிடுகிறது. என்டர் தட்டினால் சில சமயம் பட்டன் பெயர் வராது என்ற பழைய எக்ஸ்ப்ளோரர் காலத்துப் பயம் இன்னும் எதற்கு?

ராயபுரம் ரயிலடி:
எந்த ஃபார்ம் என்பது வேறு கேள்வி. அதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஹிட்டன் ஃபீல்டு போதும். ஸ்கிரிப்ட் நேராக சப்மிட் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் பட்டன் வராது, ஹிட்டன் வரும்.

காசிமேடு வலைக்காரன்:
ஹிட்டனைப் பார்ப்பதும் இஸ்செட்தானே!

ராயபுரம் ரயிலடி:
ஆமாம், ஆனால் மெத்தடுக்கு அப்புறம்.

வியாசை கோலி:
மாற்றிப் பார்த்தேன். இப்போது "அணிப் பெயரை நிரப்பவும்" என்கிறது. நிரப்பியதற்கு ஸ்கிரீன்ஷாட்டே அனுப்பியிருக்கிறார்கள். போஸ்ட்டை பிரின்ட் செய்தால் காலி அர்ரே.

காசிமேடு வலைக்காரன்:
பார்த்தீர்களா! மெத்தடை நம்பி உள்ளே போனால் பெட்டி காலி. பெயர் காலியா என்று பார்க்கும் அந்தச் செக் இல்லையென்றால் டேட்டாபேஸில் வெற்று வரி ஏறியிருக்கும்.

ராயபுரம் ரயிலடி:
முன்னால் ஃபார்ம் வாயே திறக்கவில்லை, இப்போதாவது கத்துகிறதே. தம்பி, போட்டோ கேட்கிறாயா? எத்தனை எம்பி?

வியாசை கோலி:
அணி போட்டோ அண்ணா. அவர்களுடையது 11 எம்பி. நான் சின்ன லோகோ வைத்துத்தான் டெஸ்ட் செய்தேன்.

ராயபுரம் ரயிலடி:
அதுதான். ஒரு தடவை அனுப்பும் மொத்தத்துக்கு வரம்பான 'போஸ்ட் மேக்ஸ் சைஸ்' மாற்றாமல் விட்டால் 8 எம்பி. தாண்டினால் போஸ்ட், ஏற்றிய கோப்புகள் வரும் ஃபைல்ஸ் இரண்டும் காலி. ஹிட்டனும் போச்சு, பட்டனும் போச்சு, மெத்தட் மட்டும் போஸ்ட் என்றே நிற்கும். இரண்டும் காலியாக இருந்து, அனுப்பியதன் மொத்த அளவைச் சொல்லும் 'கன்டென்ட் லென்த்' 8 எம்பியைத் தாண்டியிருந்தால் "போட்டோ பெரிது" என்று சொல்லிவிடு. ஒரு ஃபைலுக்கான வரம்பு 'அப்லோட் மேக்ஸ் ஃபைல்சைஸ்' வெறும் 2 எம்பி, அதையும் ஏற்று.

காசிமேடு வலைக்காரன்:
சரி, இது எனக்குத் தெரியாது. எங்கள் ஃபார்மில் போட்டோ இல்லை, பட்டன் அப்படியேதான் இருக்கும்.

ராயபுரம் ரயிலடி:
இருக்கட்டும். டிசேபிள் மட்டும் பண்ணாதே.

வியாசை கோலி:
போஸ்ட் வரம்பு 20 எம்பி, ஃபைல் வரம்பு 16 எம்பி என்று ஏற்றினேன். எருக்கஞ்சேரி பதிவாகிவிட்டது. போட்டோவில் கோல்கீப்பர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்.