ராம் ஏர் இன்டேக்: பவர் நிஜமாகவே கூடுகிறதா?

புதுச்சாவி

வணக்கம் நண்பர்களே. என்னுடையது 250 சிசி, ஒற்றை சிலிண்டர், ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் பைக். ஹெட்லைட்டுக்குக் கீழே காற்றை அள்ள ஒரு ஸ்கூப் வைத்து, அங்கிருந்து குழாய் போட்டு நேராக ஏர்பாக்ஸுக்கு (இன்ஜினுக்குக் காற்று போகும் ஃபில்டர் பெட்டி) காற்றைக் கொண்டுவந்தால் பத்து சதவீதம் பவர் கூடும் என்று வண்டிகளை மாற்றியமைக்கும் ஒருவர் சொல்கிறார். இதைச் செய்துகொண்ட நண்பர் பிக்கப்பே மாறிவிட்டது என்கிறார். இன்னொருவர் அது அழகுக்கு மட்டும்தான் என்கிறார். நான் பெரும்பாலும் 60 முதல் 100 கிமீ வேகத்தில்தான் ஓட்டுவேன். பேனலை வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது, அதனால் முன்கூட்டியே கேட்கிறேன். ராம் ஏர், அதாவது ஓடும்போது வந்து மோதும் காற்றை இன்ஜினுக்குள் தள்ளும் இந்த ஏற்பாடு, உண்மையிலேயே பவர் கொடுக்குமா?

கணக்குப்பிள்ளை

வெட்டாதீர்கள். ஓடும் வண்டியில் காற்று வந்து மோதி நிற்கும்போது கிடைக்கும் அதிகபட்ச அழுத்தத்துக்கு எளிய சூத்திரம் இருக்கிறது: காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1.2 கிலோ. 100 கிமீ வேகம் என்றால் வினாடிக்கு 27.8 மீட்டர். பெருக்கினால் 460 பாஸ்கல் சொச்சம். நம்மைச் சுற்றி ஏற்கெனவே இருக்கும் காற்றழுத்தம் 1,01,325 பாஸ்கல். அரை சதவீதம்கூடத் தேறவில்லை. 60 கிமீ வேகத்தில் 0.16 சதவீதம்தான்.

உங்கள் பைக்குக்கு 25 எச்பி என்று வைத்துக்கொண்டால், 100 கிமீ வேகத்தில் கூடுவது ஒரு எச்பியில் ஒன்பதில் ஒரு பங்கு. அதுவும் குழாயின் வளைவிலும் ஃபில்டரிலும் எதுவும் வீணாகாமல் போனால். வானிலை மாறும்போது காற்றழுத்தம் இதைவிட அதிகமாக ஏறி இறங்குகிறது. அதை எந்த ஓட்டுநரும் உணர்வதில்லை. பத்து சதவீதம் என்று சொன்னவர் எந்த வேகத்தில் என்று சொன்னாரா?

நேர்ரோடு

கணக்கு சரி, ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். வர்க்கம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. 200 கிமீ வேகத்தில் 1,850 பாஸ்கல், 300இல் 4,160. அதாவது நான்கு சதவீதத்துக்கு மேல். ரேஸ் டிராக்கில் நான்கு சதவீதத்துக்காக இன்ஜினையே பிரித்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கவாஸாகி 1990லேயே இசட்எக்ஸ்-11இல் ராம் ஏர் கொண்டுவந்துவிட்டது. தயாரிப்பு பைக்குகளில் அதுதான் முதல். பின்னால் வந்த 2016 நிஞ்சா இசட்எக்ஸ்-10ஆருக்கு நிறுவனமே இரண்டு எண்கள் கொடுத்தது: சாதாரணமாக 200 பிஎஸ் (எச்பி போன்ற பவர் அளவு), ராம் ஏரோடு 210 பிஎஸ். ராம் ஏர் பொய் என்றால் தனியாக ஓர் எண் எதற்கு?

இன்னொன்று. 1994இல் இமோலா பந்தயத்தில் ஓட்டுநர் அயர்டன் சென்னா இறந்த பிறகு, ஃபார்முலா ஒன் கார்களின் பவரைக் குறைக்க, பந்தய விதிகளை வகுக்கும் எஃப்ஐஏ எடுத்த நடவடிக்கைகளில் ஒன்று, ஓட்டுநர் தலைக்குப் பின்னால் இருக்கும் ஏர்பாக்ஸில் துளை போடச் சொன்னது. உள்ளே சேரும் அழுத்தம் அந்தத் துளைகள் வழியாக வெளியேறிவிடும் என்பதுதான் நோக்கம். ஒன்றுமில்லாத விஷயத்துக்கு யாரும் விதி எழுத மாட்டார்கள். ராம் ஏரே ஏமாற்று வேலை என்று புதியவர்கள் மனதில் பதிந்துவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அது நிஜமான, அழகான பொறியியல்.

கணக்குப்பிள்ளை

ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. கேட்டவர் ஓட்டுவது 60 முதல் 100. நீங்கள் பதில் சொல்வது 300க்கு.

ஆனால் அந்த 210ஐயும் நான் அப்படியே ஏற்க மாட்டேன். 300 கிமீ வேகத்தில் அழுத்தம் கூடுவது 4.1 சதவீதம். காற்றை அப்படி நிறுத்தி அமுக்கும்போது அது சூடாகிறது, சுமார் 3.5 டிகிரி. சூடானால் அடர்த்தி குறையும். அதையும் கழித்தால் சுமார் 3 சதவீதத்தில்தான் நிற்கும். 200க்கு மூன்றரை சதவீதம் போட்டாலும் 207. மீதி 3 பிஎஸ் எங்கிருந்து வந்தது?

நேர்ரோடு

நல்ல கேள்வி, இதற்குப் பதில் இருக்கிறது. சிலிண்டருக்குள் உண்டாகும் பவர் முழுவதும் வெளியே வருவதில்லை. பிஸ்டன் உரசல், பேரிங், ஆயில் பம்ப் எல்லாம் ஒரு பங்கைத் தின்றுவிடும். அளந்த இன்ஜின் பவரைத் திருத்திக் கணக்கிடும் எஸ்ஏஇ ஜே1349 என்ற முறையே 100இல் 85தான் வெளியே வருகிறது என்று வைத்துக் கணக்குப் போடுகிறது. காற்று கூடும்போது உள்ளே உண்டாகும் பவர் மூன்றரை சதவீதம் ஏறுகிறது. உரசல் அதே அளவில்தான் ஏறக்குறைய இருக்கும். ஆகவே கூடுதலாக வந்தது பெரும்பாலும் வெளியேதான் வரும். மூன்றரையை 0.85ஆல் வகுத்துப் பாருங்கள், 4.1 வருகிறது. 200 பிஎஸ் 208 ஆகிவிட்டது. மீதியை ஏர்பாக்ஸ் வடிவமைப்புக்கு விட்டுவிடுகிறேன்.

கணக்குப்பிள்ளை

உரசலை நான் விட்டுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். 208 வரை வந்தால் 210உடன் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதே முறையில் 100 கிமீ வேகத்துக்குப் போட்டாலும் 25 எச்பி பைக்குக்கு 0.15 எச்பிகூட வரவில்லை. என் பதில் மாறவில்லை.

ஸ்பானர் கை

நான் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். புதுச்சாவி தம்பி, உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. அவர் உணர்ந்ததை ராம் ஏர் கணக்கில் எழுதுவதுதான் பிழை.

நிறைய வண்டிகளில் காற்று இழுக்கும் வாய் இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் பக்கத்திலேயே இருக்கும். வெளியே 30 டிகிரி இருக்கும்போது அங்கே 60 டிகிரிகூடத் தொட்டுவிடும். அந்தச் சூடான காற்றில் ஆக்ஸிஜன் கம்மி. 60 டிகிரி காற்றை விட்டுவிட்டு 30 டிகிரி காற்றைக் கொடுத்தால் அடர்த்தி பத்து சதவீதம் கூடுகிறது. பவர் அந்த அளவுக்கு ஏறாது, வெப்பநிலையின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் ஏறும் என்பது வழக்கமான கணக்கு. அப்படிப் பார்த்தாலும் ஐந்து சதவீதம் பக்கம் வரும். 300 கிமீ வேகத்தில் காற்று மோதிக் கொடுப்பதை, 60இல் போகும்போதே குளிர்ந்த காற்று கொடுத்துவிடுகிறது. ஸ்கூப் வைத்ததும் பிக்கப் மாறியது என்றால் பெரும்பாலும் இதுதான். அப்புறம் இன்டேக் சத்தம். திராட்டில் திறந்தவுடன் முன்னால் இருந்து உறுமல் கேட்டால் வண்டி வேகமாகப் போவது போலவே இருக்கும்.

இன்னொரு விஷயம், பாதி திராட்டிலில் ராம் ஏருக்கு வேலையே இல்லை. அழுத்தத்தைக் குறைக்கத்தான் திராட்டில் தட்டு பாதி மூடியிருக்கிறது. முன்னால் கொஞ்சம் அழுத்தம் கூடினால் உங்கள் கை தானாகவே கொஞ்சம் மூடிவிடும். முழுசாகத் திருகும்போது மட்டும்தான் கணக்கு.

நேர்ரோடு

ஸ்பானர் அண்ணா சொல்வதில் முக்கால்வாசி ஏற்கிறேன். ஆனால் குளிர்காற்று வேறு, ராம் ஏர் வேறு என்று சுவர் கட்ட வேண்டுமா? முன்னால் திறந்த வாய் இருந்தால் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. 1996 பான்டியாக் ட்ரான்ஸ் ஆம் டபிள்யூஎஸ்6 காரில் பானெட்டில் ராம் ஏர் ஸ்கூப் வந்தபோது 285 எச்பி 305 ஆனது. அது தயாரிப்பாளர் அறிவித்த எண்.

கணக்குப்பிள்ளை

அந்த 305 எப்படி அளக்கப்பட்டது? அமெரிக்காவில் அறிவிக்கும் எச்பி, இன்ஜினை டைனோவில் (பவரை அளக்கும் கருவி) நிறுத்தி அளப்பது. அங்கே எதிர்க்காற்று கிடையாது. நிற்கும் இன்ஜினில் 20 எச்பி கூடியது என்றால் அது மோதும் காற்றால் கூடியதே அல்ல. காற்று போகும் வழியில் தடை குறைந்திருக்கலாம், வேறு மாற்றமும் இருக்கலாம். பெயர் ராம் ஏர், காரணம் வேறு. இந்தக் குழப்பத்தைத்தான் நான் முதலிலிருந்தே எதிர்க்கிறேன்.

நேர்ரோடு

இந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி. அந்த உதாரணத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் இதே காரணத்தால், ‘டைனோவில் போட்டுப் பார்த்தேன், ராம் ஏரில் ஒன்றும் ஏறவில்லை’ என்று வருகிறவர்களின் வாதமும் நிற்காது. டைனோ முன்னால் வைக்கும் ஃபேன் 200 கிமீ காற்றை வாய்க்குள் தள்ளாது. இல்லை என்று நிரூபிக்கவும் அது உதவாது.

இரவுப்பயணி

பெயர்க் குழப்பம் பற்றி வந்ததால் சொல்கிறேன். 1960இல் கிரைஸ்லர் 300எஃப் காரில் வந்த ராம் இண்டக்‌ஷனுக்கும் எதிர்க்காற்றுக்கும் சம்பந்தம் இல்லை. 30 அங்குல நீளமான இன்டேக் குழாய்கள். வால்வு மூடும்போது குழாயில் எழும் அழுத்த அலை, அடுத்த முறை வால்வு திறக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்து காற்றை உள்ளே தள்ளும். நீளமான குழாய் என்பதால் குறைந்த ஆர்பிஎம்மிலேயே பலன். வண்டி நின்றாலும் அது வேலை செய்யும்.

புதுச்சாவி நண்பருக்கு ஒரு கேள்வி: மழையில் ஓட்டுவீர்களா? நேராக முன்னால் வாய் வைத்து, குழாயில் வளைவோ வடிகாலோ இல்லாமல் ஏர்பாக்ஸுக்குப் போனால் தண்ணீரும் அதே வழியில் போகும். ஃபில்டர் நனைந்தால் மூச்சுத் திணறும். சிலிண்டருக்குள் தேங்கும் அளவுக்குப் போனால், தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். கம்பெனி பைக்குகளில் ஏர்பாக்ஸுக்குள் போவதற்கு முன் தண்ணீர் பிரிந்து விழ வழி வைத்திருப்பார்கள்.

ஸ்பானர் கை

முக்கியமான பாயின்ட். கார்புரேட்டர் வண்டி வைத்திருக்கிறவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காக ஒன்று. ஒரு பழைய பைக்கில் வேறெங்கோ ஸ்கூப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்கள். ஊருக்குள் நன்றாக ஓடும், 110ஐத் தாண்டினால் தடுமாறும். ஜெட் மாற்றி, பிளக் மாற்றி இரண்டு நாள் போனது. கடைசியில் பார்த்தால், ஏர்பாக்ஸில் அழுத்தம் ஏறுகிறது, கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பரின் மூச்சுக்குழாய் மட்டும் வெளியே திறந்து கிடக்கிறது. மேலே காற்று அழுத்துகிறது, கீழே பெட்ரோலை அதே அளவுக்குத் தள்ள எதுவும் இல்லை. வேகம் ஏற ஏறக் கலவையில் பெட்ரோல் குறைந்துகொண்டே போனது. மூச்சுக்குழாயை ஏர்பாக்ஸோடு இணைத்ததும் சரியாகிவிட்டது. கார்புரேட்டரில் ராம் ஏர் என்றால் இதைச் செய்யாமல் தொடக் கூடாது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் சென்சார் அழுத்தத்தை எங்கே பார்க்கிறது என்பதைப் பொறுத்தது.

புதுச்சாவி

எல்லோருக்கும் நன்றி. நான் எதையும் வெட்டவில்லை. அதற்குப் பதில் அழுத்தத்தை அளக்க ஒளி ஊடுருவும் ட்யூபை ‘யு’ வடிவில் வளைத்து, கலர் தண்ணீர் ஊற்றி, டேங்க் மேல் டேப் போட்டு ஒட்டினேன். அளவுகோலையும் மொபைல் கேமராவையும் பக்கத்தில் வைத்துவிட்டு, காலியான ரோட்டில் ஓட்டி, வீட்டுக்கு வந்து வீடியோவில் பார்த்தேன்.

ட்யூபின் ஒரு முனையை ஹெட்லைட்டுக்குக் கீழே, ஸ்கூப் வர வேண்டிய இடத்தில் வைத்தபோது 90 கிமீ வேகத்தில் தண்ணீர் சுமார் 30 மிமீ ஏறியது. பிறகு அதே முனையை ஏர்பாக்ஸுக்குள் விட்டேன். முழு திராட்டிலில் தண்ணீர் எதிர்ப்பக்கம் போனது! ஒற்றை சிலிண்டர் என்பதால் மட்டம் துடித்துக்கொண்டே இருந்தது. ட்யூபில் கொஞ்சம் பஞ்சு அடைத்த பிறகுதான் நின்றது. அழுத்தம் கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறதே, இது சரிதானா?

கணக்குப்பிள்ளை

சரிதான். 90 கிமீக்கு முழு அழுத்தம் 38 மிமீ தண்ணீர். நீங்கள் 30 பிடித்திருக்கிறீர்கள், நல்ல இடம். ஏர்பாக்ஸில் எதிர்ப்பக்கம் போகக் காரணம் இன்ஜின் உறிஞ்சுவதும் வாயின் தடையும். உங்கள் வண்டியில் இப்போது பவரைத் தின்பது அந்தத் தடைதான்.

ஸ்கூப் பெரிதாக இருந்தால் நல்லது என்று யாராவது சொன்னால் இதையும் பாருங்கள்: 250 சிசி இன்ஜின் 9,000 ஆர்பிஎம்மில் குடிப்பது வினாடிக்கு அதிகபட்சம் 19 லிட்டர். 100 கிமீ வேகத்தில் 7 சதுர செமீ வாயே அந்த அளவு காற்றை அள்ளிவிடும். அதற்கு மேல் வருவது வழிந்து ஓரமாகப் போய்விடும்.

நேர்ரோடு

ஒரு திருத்தம். வாய் கொஞ்சம் பெரிதாக இருந்து, உள்ளே குழாய் மெல்ல விரிந்தால்தான் வேகம் அழுத்தமாக மாறும். சின்ன ஓட்டை வழியாகப் பாய்ந்து வந்து பெட்டிக்குள் திடீரென்று நின்றால் பாதிக்கு மேல் சுழலிலேயே போய்விடும். 7 சதுர செமீ போதும் என்பதை அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் புதுச்சாவி, ட்யூபின் மறுமுனை எங்கே இருந்தது? டேங்க் பக்கத்தில் காற்று வேகமாக ஓடும் இடம் என்றால் அங்கே அழுத்தமே குறைவு. அந்த 30 மிமீயில் ஒரு பங்கு பொய்யாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை

இதில் நானும் நேர்ரோடு பக்கம்தான். மறுமுனையைக் காற்று படாத இடத்தில் வையுங்கள்.

புதுச்சாவி

மறுமுனை டேங்க் பக்கத்தில்தான் திறந்து இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சீட்டுக்கு அடியில் விட்டு மறுபடி ஓட்டுகிறேன், இரண்டு திசையிலும். அதோடு ஏர்பாக்ஸ் வாய்க்கும் சிலிண்டருக்கும் நடுவே வெப்பம் தடுக்கும் தகடு ஒன்று வைத்து, காற்றின் வெப்பநிலையையும் அளக்கப் போகிறேன். ஸ்கூப்பை இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.