பங்குனி, சித்திரை வெக்கையும் கடற்காற்றும்: முல்லைத்தீவுக் கரையில் அளந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

கரைத்துறை வாத்தியார்:

முல்லைத்தீவுக் கரையில் பங்குனி, சித்திரை மாதங்களில் நாளின் உச்ச வெப்பம் பெரும்பாலும் பின்னேரம் வருவதில்லை. உள்நாட்டு வவுனியாவில் இரண்டு, மூன்று மணிக்கு எட்டுகிற உச்சம் இங்கே மதியத்துக்கு முன்னரே வந்து முடிந்துவிடும். கடற்காற்று செய்கிற வேலை இது. வெப்பமானி வைத்துப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் போடுங்கள். முதலில் என்னுடையது.

மாணவர்களோடு சேர்ந்து ஒரு மரப்பெட்டி செய்தோம். வெள்ளைப் பூச்சு, காற்றுப் புகச் சாய்சட்டங்கள், நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றர் உயரம். தகரக் கூரையோ சீமெந்து மதிலோ பக்கத்தில் இல்லை. இந்தக் கவனம் இல்லாவிட்டால் தகரத்தின் சூட்டைத்தான் அளப்போம்.

வழமையான சித்திரை நாள் ஒன்று இப்படிப் போகும். காலை ஒன்பதரைக்கு 31 பாகை. பத்தரைக்கு 33. பதினொரு மணிக்குப் பிறகு 34-ஐத் தாண்டும். அதுவரை பனையோலை அசையாது. பிறகு கிழக்கிலிருந்து காற்றுப் பிடிக்கும், அரை மணிக்குள் இரண்டு பாகை இறங்கும், பின்னேரம் முழுக்க 32 பக்கமே நிற்கும். காற்று ஒன்றரைக்கோ இரண்டுக்கோ சுணங்கி வந்தால் 36-ஐயும் பார்க்கலாம். இரண்டு நாளும் ஒரே வெயில்தான், வானத்திலும் முகில் இல்லை. காற்று வந்த நேரம்தான் வேறு.

ஏன் இந்த இரண்டு மாதங்களில் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது? வடகிழக்கு வாடை ஓய்ந்துவிட்டது, தென்மேற்குச் சோளகம் இன்னும் எழும்பவில்லை. இடைப்பருவப்பெயர்ச்சிக் காலத்தில் அதட்டுவதற்குப் பெரிய காற்று இல்லாததால் உள்ளூர்க் காற்றின் ஆட்சி. சூரியனும் ஏப்ரல் நடுப்பகுதியில், புத்தாண்டை ஒட்டி, வன்னியின் உச்சிக்கு நேரே நிற்கும். மணல் சட்டென்று சுடும். கடல் அப்படிச் சுடாது: தண்ணீருக்குக் கூடுதல் வெப்பம் தேவை, அலையும் அதைக் கலக்கி ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். நிலத்தின் மேல் காற்று சூடாகி எழும்ப அமுக்கம் குறையும், அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வரும்.

ஒரு விசயம். உச்ச வெப்பமானி எட்டிய உயரத்திலேயே நின்றுவிடும். பின்னேரம் முழுக்க 32 என்றாலும் அன்றைய பதிவேட்டில் 34 என்றே ஏறும். ஆகவே உச்ச அளவை மட்டும் வைத்துக் கரையையும் உள்நாட்டையும் ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. நேரத்தையும் எழுதினால்தான் கதை விளங்கும்.

மாங்குளத்தான்:

வாத்தியார் சொல்வதை நான் ஏ34 வீதியில் பார்க்கிறேன். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு வான் ஓட்டுகிறவன், 50 கிலோமீற்றர் மட்டில் வரும். வானின் முன்பலகையில் வெளி வெப்பநிலை காட்டும். தார் ரோட்டுச் சூட்டால் அது உண்மையைவிடக் கூடத்தான் காட்டும், ஆனால் இறக்கம் பொய்யில்லை. மதியம் ஒட்டுசுட்டான் வரை இலக்கம் அசையாது. முள்ளியவளையை நெருங்கும்போது, சில நாளில் தண்ணீரூற்றில், ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கும். ஒரு மணிக்கு அங்கே இருந்த கடற்காற்றின் எல்லை மூன்று மணிக்கு ஒட்டுசுட்டானுக்கே வந்துவிடும். மாங்குளத்துக்கு வந்தால் நாலு, ஐந்து மணி. அதற்குள் வெயிலே தணிந்துவிடும், எங்களுக்கு அதால் என்ன லாபம்?

இன்னொன்று, அந்த எல்லைக்கு மேலே வெண்முகில் வரிசையாக எழும்பும். மன்னார்ப் பக்கக் காற்றும் முல்லைத்தீவுக் காற்றும் நடுவில் முட்டுகிற நாளில் பின்னேரம் இடிமுழக்கத்தோடு கொட்டும். இரண்டு கரைக்கும் நடுவில் நேராகப் பார்த்தால் 100 கிலோமீற்றர் சொச்சம்தானே. சித்திரைச் சிறுமாரியில் பாதி இப்படி வருகிற மழை என்றுதான் நான் நினைக்கிறேன்.

அளம்பில் அக்கா:

இலக்கம் இறங்குகிறது, சரி தம்பி. உடம்புக்கு இறங்குவதாகத் தெரியவில்லையே? காற்று வந்தபிறகு கழுத்தெல்லாம் பிசுபிசு. காயப்போட்ட கருவாடுகூட இளகிவிடுகிறது. வவுனியாவில் தங்கச்சி வீட்டில் 36 என்கிறார்கள், அங்கே நிழலில் இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

கரைத்துறை வாத்தியார்:

அக்கா சொல்வது சரி, அதற்குக் கணக்கும் உண்டு. வெப்பச் சுட்டெண் அட்டவணையில் 36 பாகையும் 40 சதவீத ஈரப்பதனும் சேர்ந்தால் உடம்புக்கு 38, 39 போல. 32 பாகையோடு 70 சதவீதம் சேர்ந்தால் 40-ஐத் தாண்டும். கடற்காற்று சூட்டைக் குறைத்துக்கொண்டே ஈரத்தைக் கொண்டுவருகிறது. ஆனால் அந்த அட்டவணை நிழலில், இலேசான காற்றில் இருப்பவருக்கானது. உங்கள் முற்றத்தில் காற்று நன்றாக அடித்தால் அவ்வளவு மோசமிராது. கதவைச் சாத்தி உள்ளே இருந்தால் அக்கா சொன்ன கதைதான்.

ஸ்காபரோ முள்ளியவளையான்:

இங்கே கனடாவில் எங்களுக்குக் கடல் இல்லை, ஒன்ராறியோ ஏரி. வசந்தத்தில் அதன் கரையில் நின்றால் நீங்கள் சொல்கிற இரண்டு பாகை சிரிப்பாக இருக்கும். மே மாதத்திலும் ஏரித் தண்ணீர் 10 பாகைக்குக் கீழே கிடக்கும். ஏரியை விட்டு வடக்கே போனால் 20 பாகை, கரையில் சட்டை மேல் ஜக்கெட். வானிலை அறிக்கையில் ‘ஏரிக் கரையில் குளிராக இருக்கும்’ என்று தனியாகச் சொல்வார்கள். அம்மாவை இங்கே கூப்பிட்டபோது வெயிலைப் பார்த்துப் பருத்திச் சேலையோடு ஏரிக் கரைக்குக் கிளம்பிவிட்டார், நல்லகாலம் காருக்குள் கம்பளி இருந்தது.

மன்னார்க் கடலோடி:

அந்த வித்தியாசத்துக்குக் காரணம் கடலின் சூடு. ஏப்ரலில் எங்கள் கடலே 29, 30 பாகை. அதன் மேல் வருகிற காற்று 29-க்குக் கீழே எப்படி இறக்கும்? இரவில் கரைக்காற்று அடிக்கும்போதும் பெரிதாகக் குளிராது.

வைகாசியில் இரண்டு கரையும் பிரிந்துவிடும். தென்மேற்குக் காற்று எங்களுக்குக் கடலிலிருந்தே வருகிறது. இராப் பகலாக அடிக்கும், உச்சம் ஏறாது.

கரைத்துறை வாத்தியார்:

எங்களுக்கு அதே காற்றுத்தான் அடுப்பு. தீவைக் குறுக்கே கடந்து, காய்ந்த கச்சான் காற்றாக வருகிறது. மேற்கிலிருந்து அது தள்ளும்போது கடற்காற்று கரையிலேயே தடுக்கப்பட்டு நிற்கும், சில நாள் வரவே வராது. அன்று பின்னேரம் மூன்று மணிக்குக்கூட வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும், உள்நாட்டுக்கும் கரைக்கும் வித்தியாசம் இருக்காது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனவர்களுக்குக் காலடி மணல் நினைவிருக்கும். நந்திக்கடல் களப்பும் ஆழமில்லாத தண்ணீர், கடலைவிட வேகமாகச் சூடேறும். அதைத் தாண்டி வருகிற காற்றை நம்ப முடியாது.

கைப்பேசி காட்டும் ‘முல்லைத்தீவு 33’ என்பதை இங்கே போட வேண்டாம். அது பல கிலோமீற்றர் அகலக் கட்டத்துக்குக் கணினி போடுகிற கணக்கு. கடலும் கரையும் ஒரே கட்டத்துக்குள் விழுந்தால் இரண்டுக்கும் பொதுவான ஒரு இலக்கத்தைத் தரும். கொக்கிளாய், நாயாறு, சாலை ஆகிய கரையோர இடங்களில் சொந்த வெப்பமானி வைத்திருப்பவர்கள் காற்றுத் திரும்பிய நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.