ஹைட்ரோகார்ட்டிசோன் எடுப்பவர்கள் இங்கிலாந்துக்குக் கிளம்பும் முன்

அடுத்த மாதம் லெஸ்டர் வருகிற தங்கைக்கு எழுதுகிறேன். உங்களுக்கு இருக்கும் அதே பிரச்சினைதான் எனக்கும். பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி பழுதாகிவிட்டது, இதை ஷீஹன் சிண்ட்ரோம் என்பார்கள். அட்ரினல் சுரப்பிக்கு ஒன்றும் இல்லை, பிட்யூட்டரியிலிருந்து வந்து அதை வேலை வாங்கும் ஏசிடிஎச் ஹார்மோன்தான் வருவதில்லை. அதனால் அட்ரினலே பழுதானவர்கள் கூடவே எடுக்கும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் மாத்திரை நமக்கு வேண்டியதில்லை. எனக்குக் காலை எழுந்ததும் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 10 மில்லிகிராம், மதியம் 5, நாலு மணிக்கு 5.

மூன்று மாத மாத்திரையும் டிஸ்சார்ஜ் சம்மரியும் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் போடாதீர்கள். டாக்டர் கடிதத்தில் நம்மூர் பிராண்ட் பெயர் மட்டும் இருந்தால் இங்கே புரியாது. மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வாங்குங்கள். வந்த வாரமே ஜிபியிடம், அதாவது உங்கள் பகுதிக் குடும்ப டாக்டரிடம், பதிந்துவிடுங்கள். அப்போதே மருந்துக் கட்டண விலக்குச் சான்றிதழுக்கான எஃப்பி92ஏ படிவம் கேளுங்கள். அது கிடைத்தால் 5 வருடத்துக்கு எந்த மருந்துச்சீட்டுக்கும் காசு கட்ட வேண்டாம். ஆபத்து நேரத்தில் டாக்டர்களுக்குக் காட்ட ஸ்டீராய்டு எமர்ஜென்சி கார்டும் கேட்டு வாங்கி பர்ஸில் வையுங்கள்.

ஊரிலிருந்து போன் வரும், "ஸ்டீராய்டாம், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைச்சிடு" என்று. என் அம்மாவே சொன்னார். தயவுசெய்து குறைக்காதீர்கள். இது உடம்பு தானே சுரக்க வேண்டியதை ஈடுகட்டுகிற அளவுதான். நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

காய்ச்சல் வந்தால் டோஸை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி, உடனே ஆம்புலன்ஸுக்கு 999. இந்த ஹார்மோன் போதாமல் உயிருக்கு ஆபத்தாகும் நிலைக்கு "அட்ரினல் கிரைசிஸ்" என்று பெயர், போனில் அந்த வார்த்தையையே சொல்லுங்கள். என் முதல் குளிர்காலத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு மூன்றாவது தடவை வாந்தி. எழுந்து நிற்க முடியவில்லை. பக்கத்தில் என் வீட்டுக்காரர் கையில் ஊசி மருந்து, எப்படிக் கலப்பது என்று தெரியாமல் தாளைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்துதான் போட்டார்கள்.

அப்புறம் எண்டோகிரைன் (ஹார்மோன் பிரிவு) நர்ஸிடம் இரண்டு பேரும் போய்க் கற்றுக்கொண்டோம். என் வீட்டுக்காரர் ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகினார். வரும்போது உங்கள் வீட்டுக்காரரையும் அந்த வகுப்புக்குக் கூட்டிப் போங்கள். எங்கள் ஊசி மருந்து டப்பா சமையலறை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூடியில் காலாவதி தேதியைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம்.